இம்பாக்ட் சாக்கெட் வாங்குவது எப்படி? வடசென்னைப் பட்டறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதவரம் லாரி நிறுத்தம் தொடங்கி எண்ணூர் விரைவுச்சாலை வரை டயர் கடைகளில் காலை முதல் இரவு வரை நட்டை அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் கன் ஓடிக்கொண்டே இருக்கிறது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நகரும் டிரெய்லர், மணலி ஆலைக்குள் பிரிக்கப்படும் குழாய் இணைப்பு, காசிமேட்டில் கரை சேர்ந்த விசைப்படகின் எஞ்சின் என எல்லா இடத்திலும் ஒரு நட்டைக் கழற்றியாக வேண்டும். கன் வாங்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம், பெயர் பார்க்கிறோம், அடிக்கும் வேகம் பார்க்கிறோம். அந்தக் கன்னின் மூக்கில் மாட்டி நட்டைக் கவ்வுகிற குழிக் கருவியான சாக்கெட்டை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம்.

நட்டைத் தொடுவது கன் இல்லை, சாக்கெட். முனை மழுங்குவதும், மரை போவதும், கன்னின் மூக்குச் சதுரம் தேய்வதும் பெரும்பாலும் பொருந்தாத சாக்கெட்டால்தான். அதனால் இந்த வழிகாட்டி நட்டில் ஆரம்பிக்கிறது. நட்டை அளந்து, அதற்குச் சாக்கெட்டைத் தீர்மானித்து, அதன் பிறகு கன்னுக்கு வர வேண்டும். இந்த வரிசை மாறினால் செலவு கூடும், ஆபத்தும் கூடும்.

குரோம் பளபளப்பு எதற்கு ஆகாது

கையால் திருகும் பாக்ஸ் ஸ்பேனர் செட்டில் இருப்பவை பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகு. நன்றாகக் கடினப்படுத்தி, சுவரை மெல்லியதாக்கி, மேலே குரோம் பூசியிருப்பார்கள். கைவிசை நிதானமாக ஏறும், அதற்கு இது அருமையான சரக்கு. கன் அப்படி வேலை செய்வதில்லை. உள்ளே சுழலும் சுத்தியல் ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை, சில கன்களில் ஆயிரத்துக்கும் மேல், மூக்கை அடிக்கிறது. அதிகக் கடினமான எஃகு அந்த அடியை உள்வாங்காது, வெடித்துவிடும்.

இம்பாக்ட் சாக்கெட் பெரும்பாலும் குரோம் மாலிப்டினம் எஃகில் செய்யப்படுகிறது. கடினத்தைச் சற்றுக் குறைத்து, வளைந்து தாங்கும் குணத்தைக் கூட்டியிருப்பார்கள். சுவர் தடிமனாக இருக்கும். மேலே குரோம் இருக்காது, கறுப்பு பாஸ்பேட் அல்லது ஆக்ஸைடு பூச்சுதான். குரோம் பூச்சு தொடர் அடியில் சிம்பு சிம்பாக உரியும், அந்தச் சிம்பு கத்தி போலக் கையைக் கிழிக்கும். தாங்க முடியாத அடி விழுந்தால் இம்பாக்ட் சாக்கெட் பெரும்பாலும் விரியும் அல்லது கீறல் விடும். கை சாக்கெட் துண்டாகப் பறக்கும், அது கண்ணில் பட்டால் எழும்பூர் கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். "ஒரே ஒரு நட்டுதானே, இதையே போட்டு அடிச்சிடலாம்" என்று கை சாக்கெட்டைக் கன்னில் மாட்டும் பழக்கத்தை உங்கள் பட்டறையில் இன்றோடு நிறுத்துங்கள். கைப்பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள். கன் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். சாக்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் துருவும் மண்ணும் முகத்துக்குத்தான் வரும்.

முதல் படி: நட்டை அளங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு வெர்னியர் காலிப்பரை எடுங்கள். நட்டின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையே அளங்கள். துருவும் பெயின்டும் இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அளங்கள். மூன்று ஜோடிப் பக்கங்களையும் அளந்தால் நட்டு ஏற்கெனவே மழுங்கியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

டயர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணே, 32 காணோம், 33 போடட்டா?" "போடு பா, கன் இழுத்துக்கும்." இழுக்கத்தான் செய்யும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 32 மி.மீ. நட்டில் சரியான 32 சாக்கெட் போட்டால் நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 1 டிகிரிதான் சும்மா ஆடும். 33 போட்டால் 3 டிகிரிக்கு மேல் ஆடும். கன்னின் ஒவ்வோர் அடியும் முதலில் இந்த இடைவெளியைத் தாண்டி, அப்புறம்தான் நட்டைத் தொடுகிறது. தொடும் இடமும் தட்டைப் பக்கம் இல்லை, முனையின் ஓரம். வலுவில் ஒரு பங்கு வீணாகிறது, முனையும் சீவப்படுகிறது. "கன்னில் பவர் இல்லை" என்று புலம்புகிற இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கனரக வண்டிகளின் எம்22 (மரை விட்டம் 22 மி.மீ.) வீல் நட்டுகளில் 32, 33 இரண்டுமே உண்டு. வண்டியையும் ஆக்ஸிலையும் பொறுத்து மாறும். முன்னால் இழுக்கும் வண்டியில் ஒரு அளவு, பின்னால் டிரெய்லர் ஆக்ஸிலில் இன்னொரு அளவு என்று ஒரே வாகனத்தில் இரண்டும் இருக்கக்கூடும். வெறும் 1 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. டயர் கடை வைத்திருப்பவர் 32, 33 இரண்டையும் தனித்தனியாக வைத்து, ஒன்றுக்கு வெள்ளைப் பெயின்டும் மற்றதற்கு மஞ்சள் பெயின்டும் அடித்து வைப்பது நல்லது. ஜப்பான் முறைப்படி அமைந்த பழைய இரட்டைச் சக்கரங்களில் வெளி நட்டு 41 மி.மீ. ஆறுமுனையாகவும் உள் நட்டு 21 மி.மீ. சதுரமாகவும் வரும். அதற்கு இரண்டும் சேர்ந்த தனிச் சாக்கெட் வேண்டும். வேறு எதையும் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கார்களில் கதை எளிது. மாருதி சுசுகி கார்களில் வீல் நட்டு 19, ஹூண்டாயில் 21 என்பது பரவலாகப் பொருந்தும். ஆனால் எஞ்சின், சஸ்பென்ஷன் போல்ட்டுகளுக்கு வரும்போது கவனம் வேண்டும். ஒரே போல்ட்டுக்கு மூன்று தலை அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. எம்10 போல்ட்டின் தலை பழைய ஜெர்மன் முறையில் 17, இப்போதைய ஐ.எஸ்.ஓ. முறையில் 16, ஜப்பானியக் கார்களில் 14. எம்12-க்கு அதே வரிசையில் 19, 18, 17. எம்8-க்கு 13 அல்லது 12. ஆகவே "எம்12 போல்ட், 19 சாக்கெட்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்காதீர்கள். 16-ம் 18-ம் இல்லாத செட் இன்னும் விற்கிறது. இன்று வேலைக்கு வருகிற வண்டிகளுக்கு அந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். பெரிய அளவுகளில் குழப்பம் குறைவு: எம்16-க்கு 24, எம்20-க்கு 30, எம்24-க்கு 36, எம்30-க்கு 46.

மணலிப் பக்கம் ஆலைகளில் ஒப்பந்த வேலை எடுப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய இன்றைய சி.பி.சி.எல். (சென்னை பெட்ரோலியம்) போன்ற எண்ணெய் ஆலைகளில் குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டுகளான ஃபிளாஞ்சுகள் அமெரிக்க அளவு முறையில் வருகின்றன. ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) இஞ்சில் இருக்கும், நட்டு சாதாரண நட்டைவிடப் பெரிய கனரக ஆறுமுனை நட்டு. 150 கிளாஸ் என்ற அழுத்தத் தர ஃபிளாஞ்சை எடுத்துக்கொள்வோம். 4 இஞ்சு குழாய்க்கு 5/8 இஞ்சு ஸ்டட், அதன் நட்டு 1-1/16 இஞ்சு, அதாவது 27 மி.மீ. 27 சாக்கெட் அழகாகப் பொருந்தும். 6 இஞ்சு, 8 இஞ்சு குழாய்களுக்கு 3/4 இஞ்சு ஸ்டட், நட்டு 1-1/4 இஞ்சு, அதாவது 31.75 மி.மீ. இதற்கு 32 சரி.

சிக்கல் 10 இஞ்சிலும் 12 இஞ்சிலும் ஆரம்பிக்கிறது. அங்கே ஸ்டட் 7/8 இஞ்சு, நட்டு 1-7/16 இஞ்சு, அதாவது 36.5 மி.மீ. 36 சாக்கெட் உள்ளே போகாது. உடனே கை 38-ஐத் தேடும். ஒன்றரை மி.மீ. ஆட்டத்தில் கன் அடித்தால் இரண்டாவது ஷட்டவுனுக்குள் (ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாட்கள்) அந்த நட்டு உருண்டைதான். 14 இஞ்சு, 16 இஞ்சு குழாய்களுக்கு 1 இஞ்சு ஸ்டட், நட்டு 1-5/8 இஞ்சு, அதாவது 41.3 மி.மீ. வரை. தயாரிப்பில் சற்றுச் சிறிதாக வந்த நட்டுக்கு 41 சாக்கெட் போகும், முழு அளவில் வந்ததற்கும் பெயின்ட் அடித்ததற்கும் போகாது. இந்த இரண்டுக்கும் 1-7/16, 1-5/8 என்று பொறித்த இஞ்சு சாக்கெட்டையே வாங்குங்கள். இதற்கு மாற்றாக மி.மீ. அளவைத் தேடாதீர்கள். ஷட்டவுன் தொடங்கும் அன்று காலை தேடினால் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைத்து எடுக்க வேண்டும்.

கடலோரத்தில் துருப்பிடித்த நட்டு இன்னொரு வகைத் தலைவலி. எர்ணாவூர், எண்ணூர், காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது. நட்டின் பக்கங்கள் செதில் செதிலாக உதிர்ந்து அளவு குறைந்துபோகும். 24 நட்டு தேய்ந்திருந்தால் 15/16 இஞ்சு சாக்கெட், அதாவது 23.8 மி.மீ., சுத்தியலால் தட்டி ஏற்றினால் இறுகப் பிடிக்கும். 32 தேய்ந்தால் 1-1/4 இஞ்சு கை கொடுக்கும். இதற்கென்றே பழைய இஞ்சு சாக்கெட்டுகளில் சிலவற்றைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். முழுவதும் உருண்டுபோன நட்டுக்கு உட்புறம் சுருள் வெட்டு உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இருக்கிறது. நட்டு பாழாகும், ஸ்டட் தப்பிக்கும்.

இரண்டாம் படி: டிரைவ் சதுரம்

3/8, 1/2, 3/4, 1 இஞ்சு. இவைதான் நம் பக்கம் ஓடுபவை. கன்னின் மூக்குச் சதுரமும் சாக்கெட்டின் பின் சதுரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த நட்டுக்கு எந்தச் சதுரம் என்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரே எஃகில் செய்த சதுரத் தண்டு முறுக்கைத் தாங்கும் வலு, அதன் பக்க அளவின் மூன்றாம் படிக்கு ஏற்ப உயரும். அரை இஞ்சிலிருந்து முக்காலுக்குப் போனால் தாங்கும் வலு மூன்று மடங்குக்கு மேல். ஒரு இஞ்சுக்குப் போனால் எட்டு மடங்கு.

ஆட்டோ, கார், லோடு ஆட்டோ எல்லாவற்றுக்கும் அரை இஞ்சு போதும். எஞ்சின் மேல் பக்கத்துச் சின்ன போல்ட்டுகளுக்கு 3/8 வசதி. மினி லாரி, வேன், கட்டுமானத்தில் எம்20, எம்24 போல்ட் என்றால் முக்கால். எம்22 வீல் நட்டு உள்ள பெரிய லாரி, டிரெய்லர் என்றால் ஒரு இஞ்சுக்குக் கீழே போகாதீர்கள். முக்கால் இஞ்சு கன்னாலும் கழற்றிவிடலாம் என்பது உண்மை. ஆனால் தினமும் இருபது முப்பது சக்கரம் பார்க்கிற கடையில் அந்தச் சதுரம் சீக்கிரம் உருண்டுவிடும். கன்னின் ஆன்வில் (மூக்குச் சதுரம் உள்ள தண்டு) மாற்றும் செலவு நாலைந்து சாக்கெட்டுக்குச் சமமாகும்.

மூன்றாம் படி: முனைகள், ஆழம், சுவர்

முனை விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை: கன்னுக்கு ஆறுமுனைதான். பன்னிரண்டு முனை சாக்கெட் கை வேலைக்கு வசதி, எந்தக் கோணத்திலும் உட்காரும். ஆனால் அது நட்டின் முனைக்கு மிக அருகில் பிடிக்கிறது, தொடும் பரப்பும் குறைவு. போல்ட்டின் தலையே பன்னிரண்டு முனையாக இருந்தால் மட்டும் அதற்கான இம்பாக்ட் சாக்கெட்டை எடுங்கள். ஆறுமுனையிலும் நல்ல தயாரிப்புகளில் உள் மூலைகளைக் குடைந்து வளைத்திருப்பார்கள். அப்போது சாக்கெட் முனையை விட்டுத் தள்ளி, தட்டைப் பக்கத்தில் அழுத்தும். கடையில் இரண்டு சாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும்.

ஆழம் என்றால் குட்டை, நீளம் என இரண்டு. ஸ்டட் நட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஃபிளாஞ்சு ஸ்டட்டுகளுக்கும் லாரி வீல் ஸ்டட்டுகளுக்கும் நீளச் சாக்கெட்தான். குட்டையைப் போட்டால் ஸ்டட் நுனி சாக்கெட்டின் உள் தரையில் முட்டும், சாக்கெட் நட்டின் பாதி உயரத்தைத்தான் பிடிக்கும், மரையும் நசுங்கும். போல்ட் தலைக்குக் குட்டை சிறந்தது. நீளம் கூடினால் எஃகு சற்று முறுக்கிக்கொள்ளும், அடியில் ஒரு பங்கு அந்த முறுக்கிலேயே போய்விடும். உட்குழி எவ்வளவு ஆழம் என்பதைத் தீக்குச்சியை விட்டே அளந்துவிடலாம். வெளிநீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், சிலவற்றில் வெளியே நீளமாக இருந்தும் உள்ளே குழி குறைவு.

சுவர் தடிமன் அலாய் வீலில் முக்கியம். நட்டு உட்காரும் குழி குறுகலாக இருக்கும். தடித்த சாக்கெட் போகாது, போனாலும் வீலைச் சுரண்டிவிடும். அதற்கென்று மெல்லிய சுவரும் வெளியே பிளாஸ்டிக் உறையும் உள்ள சாக்கெட் வருகிறது. பெரும்பாலும் 17 நீலம், 19 மஞ்சள், 21 சிவப்பு. இவை கார் வீல் நட்டுக்கு மட்டுமே. துருப்பிடித்த சஸ்பென்ஷன் போல்ட்டில் போட்டால் மெல்லிய சுவர் விரிந்துவிடும். சாதாரண சாக்கெட்டை சாணைக்கல்லில் பிடித்து மெலிதாக்கும் வேலையும் வேண்டாம். தடிமன் போவதோடு சூட்டில் எஃகின் பதமும் போய்விடும்.

கார் கிராங்க் புல்லி போல்ட்டுக்கு எடை கூட்டிய தனிச் சாக்கெட் ஒன்று உண்டு, பெரும்பாலும் 19. வெளியே தடிமனான வளையம் போலப் பருத்திருக்கும். அந்தக் கூடுதல் எடை கன்னின் அடியைத் தேக்கி போல்ட்டுக்குக் கொண்டுபோகிறது. சாதாரணச் சாக்கெட்டில் அசையாத போல்ட் அதே கன்னில் இதைப் போட்டால் கழன்றுவிடும். டைமிங் பெல்ட் வேலை அடிக்கடி வரும் கடைக்கு இது நல்ல முதலீடு.

நான்காம் படி: சாக்கெட் பறக்காமல் பூட்டுவது

அரை இஞ்சுக் கன்களின் மூக்கில் ஒரு ஸ்பிரிங் வளையமோ சின்ன குமிழோ இருக்கும், சாக்கெட் அதில் சிக்கி நிற்கும். வளையம் தேய்ந்தால் புது வளையம் போடுங்கள், அது அற்பக் காசு.

முக்கால், ஒரு இஞ்சில் அப்படி விட முடியாது. மூக்கின் குறுக்கே ஒரு துளை, சாக்கெட்டின் பின்பக்கத்திலும் ஒரு துளை, சுற்றி ஒரு பள்ளம். துளைகளை நேர்படுத்தி பின்னை (இரும்பு முளையை) செருகி, பள்ளத்தில் ரப்பர் ஓ-ரிங்கை ஏற்ற வேண்டும். ஓ-ரிங்குதான் பின்னை வெளியே வராமல் தடுக்கிறது. அந்த முளை பள்ளத்துக்குள் முழுவதும் அமிழ்ந்திருக்க வேண்டும். ஆணியை வளைத்துச் செருகுவதும், கட்டுக்கம்பி சுற்றுவதும் நம் ஊரில் சகஜமாகிவிட்டது. சுழலும்போது நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனி கையுறையைப் பிடித்தால் விரலைச் சேர்த்து முறுக்கும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள சாக்கெட் சுழற்சியில் கழன்று பறந்தால் எதிரே நிற்பவருக்கு எலும்பு முறியும். பின்னும் ஓ-ரிங்கும் சாக்கெட்டின் வெளி விட்டத்தைப் பொறுத்து அளவு மாறும். சாக்கெட் வாங்கும்போதே அதற்குரியதைக் கேட்டு இரண்டு ஜோடி கூடுதலாக வாங்குங்கள். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் விறைத்து வெடிக்கிறது.

ஐந்தாம் படி: நடுவில் மாட்டும் சாமான்கள்

எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புத் தண்டு), வளையும் மூட்டு, சதுர அளவை மாற்றும் அடாப்டர் எல்லாமே இம்பாக்ட் வகையாகவே இருக்க வேண்டும். சாக்கெட் கறுப்பு, எக்ஸ்டென்ஷன் குரோம் என்றால் உடையப்போவது எக்ஸ்டென்ஷன். நடுவில் சேர்க்கும் ஒவ்வொரு இணைப்பும் அடியைக் குறைக்கிறது. நீள எக்ஸ்டென்ஷன் ஒவ்வோர் அடிக்கும் முறுக்கித் திரும்பும் ஸ்பிரிங்காகிவிடுகிறது. கழற்ற முடியாத நட்டு என்றால் முதலில் எக்ஸ்டென்ஷனைக் குறைத்துப் பாருங்கள்.

அடாப்டரில் ஒரு திசைதான் பாதுகாப்பு. சின்னக் கன்னில் பெரிய சாக்கெட் மாட்டுவது பரவாயில்லை, வலு போதாமல் நிற்கும், அவ்வளவுதான். ஒரு இஞ்சு கன்னில் அடாப்டர் போட்டு அரை இஞ்சுச் சாக்கெட் மாட்டுவது கூடாது. அந்தச் சின்னச் சதுரம் தாங்கும் அளவைவிடப் பல மடங்கு அதில் இறங்கும்.

ஆறாம் படி: கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பாரிமுனையிலிருந்து மண்ணடி வரை, லிங்கி செட்டி தெரு, செம்புதாஸ் தெரு என்று நடந்தால் கருவிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கழற்றிய நட்டையும் வெர்னியரையும் பையில் எடுத்துப் போங்கள். நல்ல கடைக்காரர் போட்டுப் பார்க்கச் சொல்வார். ஒரு இஞ்சுச் சாக்கெட் வாங்கப் போனால் கன்னின் ஆன்வில்லைக் கழற்றி எடுத்துப் போக முடியாது, ஆகவே அதே சதுரமுள்ள அடாப்டரை எடுத்துப் போனால் பின் சதுரத்தையும் பொருத்திப் பார்க்கலாம்.

நட்டில் மாட்டிக் கையால் இடவலமாக ஆட்டுங்கள். லேசான ஆட்டம் வேண்டும், கடகடவென்று ஆடக்கூடாது. வாய்ப்பக்கம் உள்ளே சரிவு வெட்டியிருந்தால் நட்டில் சுலபமாக ஏறும். ஆனால் சரிவு அதிக ஆழம் இருந்தால் மெல்லிய நட்டை அது பிடிக்காது. சுற்றுச்சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா என்று வாய்ப்பக்கமாகப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த சாக்கெட் கன்னில் ஆடும், மெலிந்த பக்கம் முதலில் விரியும். மேல்பூச்சை நகத்தால் சுரண்டுங்கள். பெயின்டாக உரிந்து அடியில் பளபளப்பு தெரிந்தால் அது வேஷம் போட்ட கை சாக்கெட். உண்மையான பாஸ்பேட் பூச்சு மங்கலாக, கைக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்.

பொறிப்பைப் படியுங்கள். அளவு, தயாரிப்பாளர் பெயர், குரோம் மாலிப்டினத்தின் குறியீடு ஆகியவை எஃகிலேயே பதிந்திருக்க வேண்டும், ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் வேண்டாம். தயாரிப்பாளரின் விவர அட்டவணையில் டின் (DIN, ஜெர்மன் தரம்) 3129 அல்லது ஐ.எஸ்.ஓ. 2725-2 என்று போட்டிருந்தால் அது எந்திரத்தால் ஓட்டும் சாக்கெட்டுக்கான தரம். சதுரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 1174-2. ஜப்பானின் கோக்கன், ஜெர்மனியின் கெடோர், தைவானின் கிங் டோனி, டாப்டுல் ஆகியவை தொழில்காரர்கள் நம்பி வாங்கும் பெயர்களில் சில. பெயருள்ள சரக்குக்குப் போலியும் வரும், பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள்.

செட்டா, சில்லறையா? புதிதாகக் கார் பட்டறை வைப்பவர் அரை இஞ்சில் 10 முதல் 24 வரை விடுபடாத நீளச் செட் ஒன்று வாங்கலாம். லாரி டயர் கடைக்குச் செட் வீண். தினமும் ஓடும் மூன்று நாலு அளவுகளை மிக நல்ல தரத்தில் சில்லறையாக எடுத்து, அதிகம் ஓடும் அளவில் மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். செட் பெட்டியில் பாதி சாக்கெட் வாழ்நாளில் ஒரு முறைகூட வெளியே வராது. அந்தக் காசு ஒரு நல்ல 33-க்குப் போகட்டும்.

வேலையில் இறக்கும்போது

கழற்றக் கன், இறுக்க டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்). ஹூண்டாய் கார்களின் வீல் நட்டுக்கு இறுக்கம் 107 முதல் 127 நியூட்டன் மீட்டர். சாதாரண அரை இஞ்சுக் கன்னின் பெட்டியிலேயே 500-க்கு மேல் போட்டிருக்கும். வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார் என்று கன்னால் அடித்து முடித்தால் ஸ்டட் இழுபடும், டிஸ்க் கோணும். பிறகு நடுவழியில் பஞ்சரானால் வண்டியில் இருக்கும் கம்பியால் அவரால் அந்த நட்டை அசைக்கக்கூட முடியாது. கையால் மரையில் ஏற்றி, கன்னில் லேசாக உட்காரவைத்து, எதிரெதிர் வரிசையில் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். எம்22 லாரி நட்டுகளுக்குப் பல வண்டிகளில் 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். சரியான எண்ணை அந்த வண்டியின் கையேட்டில் பாருங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்க்கச் சொல்லி ஓட்டுநரிடம் சொல்லி அனுப்புங்கள்.

காற்றுக் கன் என்றால் அதன் வலு 6.2 பார் அழுத்தத்தில் கணக்கிடப்பட்டது. கன் ஓடும்போது அதன் வாயில் அந்த அழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய, நீண்ட ஹோஸில் ஒரு இஞ்சுக் கன்னை ஓட்டினால் எந்தச் சாக்கெட் போட்டும் பயனில்லை.

படகு வேலையில் ஸ்டெயின்லெஸ் நட்டு, போல்ட் வந்தால் கன்னை ஓரமாக வையுங்கள். வேகமாகச் சுழற்றினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆலைக்குள் எரிவாயு வரக்கூடிய இடங்களில் பேட்டரி கன்னையும் சாதாரணச் சாக்கெட்டையும் அனுமதிச் சீட்டில் எழுதியிருந்தால் மட்டுமே எடுத்துப் போங்கள். எஃகில் எஃகு மோதினாலே பொறி வரும்.

சூடாக்கிக் கழற்றும் நட்டு சிவப்பாக இருக்கும்போதே சாக்கெட்டை ஏற்றாதீர்கள். அந்தச் சூடு சாக்கெட்டின் பதத்தை இறக்கிவிடும். அடுத்த வாரம் அது காரணமில்லாமல் விரிந்தது போலத் தெரியும்.

பராமரிப்பும், தூக்கிப்போடும் நேரமும்

கறுப்புப் பூச்சு குரோம் போலத் துருவைத் தடுக்காது. ராயபுரம், திருவொற்றியூர்க் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், பழுப்பேறிவிடும். மாலையில் வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி வைத்தால் போதும். ஆறுமுனைக் குழிக்குள் கிரீஸ் அடைத்து வைக்காதீர்கள், மணல் அதில் சேர்ந்து நட்டைத் தேய்க்கும்.

மாதம் ஒருமுறை எல்லாச் சாக்கெட்டையும் மேசையில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பின் சதுரத்தின் நாலு மூலைகளில் மயிரிழைக் கீறல் தெரிகிறதா, வாய் அகன்று புனல் போல ஆகியிருக்கிறதா, ஆறுமுனையின் உட்பக்கம் ஒரு திசையில் மழுங்கிப் பளபளக்கிறதா, முளை செருகும் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அது கன்னுக்கு லாயக்கில்லை. சதுரம் தேய்ந்த சாக்கெட் ஆன்வில்லையும் தன்னோடு சேர்த்துத் தேய்க்கும். கீறலை வெல்டிங் வைத்து அடைப்பதும் பயன்படாது, பக்கத்திலேயே மறுபடி விடும்.

கழித்ததை மூலையில் போட்டு வைத்தால் அவசரத்தில் எவராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்கள். கட்டிங் மெஷினில் வாய்ப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டுப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள். அந்த அளவைப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்து, அடுத்த முறை மண்ணடிப் பக்கம் போகும்போது முதல் வேலையாக வாங்கி வாருங்கள்.